பதினான்காம் எண் தட்டி

கப்பலில் வந்து இறங்கி ஓர் ஊரைப் பார்த்ததாகச் சொல்பவன், உலகம் தோன்றிய நாள்முதல் இன்றுவரை, எந்த ஊரையும் பார்த்ததில்லை. வல்லெட்டா என்ற தீவு நகரத்தின் துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருடம் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற சென்சு கண்டறிந்த உண்மை இது. தினமும் காலையில் கார்மெனுவின் டீக்கடையில் இதை அறிவிப்பார். யாரும் மறுத்ததில்லை. அந்நேரம் கடையில் கார்மெனுவைத் தவிர யாரும் இருப்பதில்லை.

"முன்னால ஒருத்தி தட்டியத் தூக்கிப் பிடிப்பா. பின்னால நாப்பது பேரு, நெஞ்சுல நம்பர ஒட்டிக்கிட்டு. வாத்துக்கூட்டம் தேவலடா. அதுல ஒண்ணு ரெண்டாவது வழி மாறும்."

"இன்னிக்கு உன் தம்பியும் அப்படித்தானே வரான்?"

"நார்டு கப்பல்ல வரல. கப்பல் அவனக் கூட்டிட்டு வருது. வித்தியாசம் இருக்கு."

கார்மெனு அந்த வித்தியாசத்தை யோசித்தபடி கண்ணாடித் தம்ளரைக் கழுவினான். பிறகு சென்சு கேட்ட இரண்டு நாற்காலிகளை எடுத்துக் கொடுத்தான். சென்சு வீட்டில் ஒன்றுதான் இருந்தது. இரண்டாவது தேவைப்பட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

நான்காவது மாடி. எண்பத்தேழு படி. நாற்காலிக்கு ஒரு நடையாக இரண்டு நடை ஏறினார். வழியில் யாரும் "எதுக்கு?" என்று கேட்கவில்லை. மற்ற மூன்று மாடிகளும் விடுதி அறைகளாகிவிட்டன. ஒவ்வொரு கதவிலும் ஒரு சாவிப்பெட்டி தொங்கியது. எண்ணைத் தட்டினால் திறக்கும், விசாரிக்காது.

நார்டு மெல்போர்ன் போய் முப்பத்தொரு வருடம். "வியாழக்கிழமை கப்பல்ல வரோம், நானும் பொண்டாட்டியும்" என்று மட்டும்தான் எழுதியிருந்தான். சாப்பிட வருவாயா என்று இந்த ஊரில் வீட்டு ஆளைக் கேட்பது "நீ எங்கள் வீட்டு ஆளா?" என்று கேட்பதற்குச் சமம். எனவே சென்சு கேட்கவில்லை. முந்தின நாளே முயல்கறியைச் சிவப்பு ஒயினிலும் பூண்டிலும் ஊறப்போட்டு, விடிந்ததும் அடுப்பில் ஏற்றினார். மூன்று தட்டு வைத்தார். பேச வேண்டியவற்றையும் மனசுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தார்.

துறைமுகக் கோட்டையில் தினமும் சுடும் பன்னிரண்டு மணிப் பீரங்கி வெடித்தது. ஒரு மணியும் ஆயிற்று. பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தபோது தெருமுனையில் பதினான்காம் எண் தட்டி ஒன்று திரும்பியது. அதன் பின்னால், நெஞ்சில் எண்ணும் காதில் கருவியுமாக, நார்டு. தலையில் அப்பாவுக்கு இருந்த அதே வழுக்கை.

"அண்ணே!"

"டேய் நார்டு! ஏறி வாடா! கறி ஆறுது!"

"ரெண்டு முட்டியும் மாத்துனதுண்ணே! அவ்வளவு படி ஏற மாட்டேன்! சாப்பாடும் கப்பல்லயே முடிஞ்சுது!" பக்கத்தில் நின்ற தன் மனைவியைக் காட்டினான். "டெப்ரா. கும்பலோடயே இருக்கணுமாம். நாலு மணிக்குக் கப்பல்ல ஏறணும்."

தட்டி பிடித்திருந்த பெண் மார்த்தெஸ் நிமிர்ந்து பார்த்தாள். "அஞ்சு நிமிஷம் நிக்கலாம் மாமா. அதுக்கு மேல முடியாது."

சென்சு உள்ளே ஓடினார். ஒரு கிண்ணம் கறி, ரொட்டித்துண்டு, கரண்டி. ரொட்டிக்காரனுக்கு இறக்கும் கூடையில் அவற்றை வைத்துக் கயிற்றை விட்டார். மார்த்தெஸ் உடனே மைக்கை வாய்க்குக் கொண்டுபோய், மேல்மாடிக்காரர்கள் கூடை இறக்கும் பழைய வழக்கம் என்று ஆங்கிலத்தில் விளக்கினாள். நாற்பது போன்கள் உயர்ந்தன. கறி படமெடுக்கப்பட்டது.

நார்டு நின்றபடியே தின்றான். மேலிருந்து அவன் முகம் தெரியவில்லை, வழுக்கைதான் தெரிந்தது.

"எப்படிடா?"

"உப்பு கம்மிண்ணே."

முப்பத்தொரு வருடத்தில் சென்சுவின் சமையலைக் குறை சொன்ன முதல் ஆள். வரிசைப்படுத்தி வைத்த பேச்சு எதுவும் நாலு மாடிக்குக் கத்திச் சொல்லக்கூடியதாக இல்லை.

கிண்ணம் கூடைக்குத் திரும்பியது. தட்டி உயர்ந்தது.

அடுத்துத் தேவாலயம், தோட்டம், கப்பல். மூன்று மணி நேரம்கூட இல்லை. சென்சு கயிற்றைக் கம்பியில் கட்டிவிட்டு, எண்பத்தேழு படிகளையும் செருப்பில்லாமல் இறங்கினார். செருப்பு இல்லை என்பது தெருவுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

"பொண்ணு, கொஞ்சம் நில்லு. நானும் வரேன்."

"மாமா, நீங்க இந்தத் தெருக்காரர்தானே? உங்களுக்கு எதுக்கு இது?"

"அவன்கூட நடக்கணும்."

மார்த்தெஸ் அவரையும் பார்த்தாள், நார்டுவையும் பார்த்தாள். "ஒருத்தருக்கு வயித்துப்போக்கு, கப்பல்லயே படுத்துட்டாரு. அவர் ஸ்டிக்கர் இருக்கு. ஒட்டிக்குங்க. இல்லாட்டி தேவாலயத்துல உள்ள விட மாட்டான்."

டெப்ரா அதை வாங்கி, சென்சுவின் சட்டையில் சுருக்கமில்லாமல் ஒட்டி, தடவிவிட்டாள். நார்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கையில் இன்னும் பூண்டு வாசனை இருந்தது.

"இந்தத் தெருவில் இன்னும் ஓரிருவர் நிஜமாகவே குடியிருக்கிறார்கள்" என்றாள் மார்த்தெஸ் மைக்கில். நாற்பது தலைகளும் நான்காவது மாடியை நோக்கி நிமிர்ந்தன. தட்டியின்மேல் ஒரு கண்ணை வைத்தபடி, சென்சுவும் நிமிர்ந்து பார்த்தார்.