சேத்தூர்க் கோவிலின் நார்மன் வாசல்

உண்மையான நார்மன் வாசல் உள்ள தேவாலயத்தைப் பார்க்க ஒருவர் இங்கிலாந்துக்குக் கப்பலேற வேண்டும் என்பது 1934 வரைக்கும்தான் சரி என்று தேவநேசன் அறிவித்தான். இனிமேல் சேத்தூருக்கு வந்தால் போதும்.

தேவநேசன், சேத்தூரில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த கிறிஸ்தவக் கோவிலின் கட்டடக் கமிட்டிக் காரியதரிசி. பிரதிஷ்டை அன்றைக்கே வத்திராயிருப்பிலிருந்து தேவகிருபை என்ற பெண்ணின் வீட்டார் அவனை மாப்பிள்ளை பார்க்க வருகிறார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இந்த வாசலைப் பார்த்த பிறகு யாரும் தன்னை வேண்டாமென்று சொல்ல முடியாது என்று அவன் நம்பினான்.

பாதிரியார் துரை இங்கிலாந்திலுள்ள தம் சொந்த ஊர்க் கோவிலின் படத்தைக் கொடுத்திருந்தார். அங்கே நார்மன் ராஜாக்கள் ஆண்டபோது கட்டிய, எண்ணூறு வருஷத்துக் கல்வளைவு. அதைச் சுற்றி வரிசையாகத் தலைகள். ஒன்றுக்குப் பறவை மூக்கு; ஒன்று நாக்கை நீட்டியிருந்தது; ஒன்று தன் வாயைத் தானே இரண்டு கையாலும் கிழித்துக்கொண்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்தச்சர் வேல்சாமி படத்தைத் தலைகீழாகவும் ஒருமுறை பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.

முதல் தலைகள் ஏறியதுமே தகராறு. எங்கள் பக்கத்து மண்டபங்களில் தூணில் கைகூப்பி நிற்பவர் பணம் கொடுத்தவர். ஆகவே இந்த வாசலில் இருப்பவர்களும் நன்கொடை கொடுத்தவர்கள்தான் என்று சபையார் முடிவு கட்டிவிட்டார்கள்.

"ஏலே தேவநேசா, சுண்ணாம்பு பூரா நான் குடுத்தேன். எனக்குக் கொக்கு மூக்கா?" என்றார் பால்துரை.

"அது நீங்க இல்ல மாமா. நார்மன்."

"நார்மன் எம்புட்டுக் குடுத்தான்?"

அன்னத்தாய்க்கு மட்டும் குறையில்லை. "நாக்க நீட்டுதது எங்க வீட்டுக்காரவுகதான். அச்சு அசலா இருக்கு. மாத்திராதீக."

மறுநாள் பால்துரை வேல்சாமியிடம் சேவலோடு வந்தார். மூக்கு பாதியாகக் குறைந்தது. இன்னொரு நன்கொடைக்காரரான ஞானரத்தினம் பலாப்பழத்தோடு வந்தார். கிழிந்த வாய் மூடிக்கொண்டது.

தேவநேசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "எண்ணூறு வருஷச் சரித்திரத்தச் சேவலுக்கு விக்கிற கூட்டம்! கல்லுல மூஞ்சி எப்படி இருந்தா என்னவே?"

சனிக்கிழமை காலை கடைசித் தலை, வளைவின் நட்டநடுவில் ஏறியது. கழுதைக் காது, பிதுங்கிய முழி. படத்தில் உள்ளது உள்ளபடி.

அன்னத்தாய் அண்ணாந்து பார்த்தாள். "ஏ ஆத்தி! காரியதரிசித் தம்பியும் வந்துட்டாகளே!"

"அது நார்மன்," என்றான் தேவநேசன். கை தன் காதைத் தடவிப் பார்த்தது.

"நாளைக்குப் பொண்ணு வீட்டாளுக வாசல்லயே மாப்பிள்ளையப் பாத்துட்டு, அப்படியே வண்டிய ஊருக்குத் திருப்பிருவாக," என்றார் பால்துரை.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். வேல்சாமி மட்டும் சாரத்தின் மேல் இருந்தார். கீழே தேவநேசன் வந்து நின்றான். கிறிஸ்மஸுக்கென்று அவன் அம்மா வளர்த்த வான்கோழி அவன் கக்கத்தில் திமிறியது.

"அண்ணாச்சி, அந்தக் காத மட்டும் செத்த கொறச்சு..."

வேல்சாமி உளியை எடுத்தார். "மீசையும் கீறிவிடவா?"

தேவநேசன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"லேசா," என்றான்.