இடது கைக் கடிதங்கள்

மணி நான்கு பத்து. அவள் பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஏழு வயசு வேலைய ஆரம்பிச்சாச்சு. யாரும் சத்தம் போடாதீங்க, பாப்பா பயந்துக்கும்" என்றார் பக்க வடிவமைப்பாளர். அலுவலகத்தில் அவளுக்கு 'ஏழு வயசு' என்றுதான் பெயர்.

சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தும் வாசிப்பும் கற்றுத்தரும் மாத இதழ் அது. அட்டையில் 'தானே வாசிப்பேன், தானே எழுதுவேன்' என்ற வரி மாதம் ஒரு நிறத்தில் வரும். கடைசிக்கு முந்திய பக்கம் 'பிஞ்சுக் கைகள்'. பிள்ளைகளின் கடிதங்களை அவர்கள் கையெழுத்திலேயே அச்சிடும் பக்கம். ஆறு ஆண்டுகளாக அந்தக் கையெழுத்துகள் எல்லாம் இதழின் உதவி ஆசிரியையான அவளுடையவை.

உண்மையான கடிதங்களும் வந்தன. பாதியில் நின்றவை, பசை ஒட்டியவை, வரியை விட்டு மேலே ஏறிப் போனவை. இதழாசிரியர் அவற்றை இழுப்பறையில் போடச் சொல்லியிருந்தார். "பார்க்கப் பாவமாத்தான் இருக்கு. போட முடியாதும்மா. பள்ளிக்கூடங்க இந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் நம்ம இதழை வாங்குது." முதல் மாதம் அவளுக்குக் கை கூசியது. மூன்றாம் மாதம் கூசவில்லை.

அன்று எழுதிய கடிதத்தை இதழாசிரியர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"எல்லாம் ஒரே பிள்ளை எழுதின மாதிரி இருக்கே. புதுசா ஒரு கை வேணும். உம் பொண்ணு ரெண்டாம் வகுப்புதானே? அவ நோட்டைப் பார்த்துப் பழகிட்டு வா. நாளைக்கு அஞ்சு மணிக்கு அச்சுக்குப் போகுது."

"ஏழு வயசுக்கு வீட்டுப்பாடம்" என்றார் வடிவமைப்பாளர். அவளும் சிரித்தாள்.

அன்றிரவு வீட்டில் மகளின் நோட்டைப் புரட்டினாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பெற்றோர் கையொப்பத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. எல்லாக் கட்டங்களிலும் அவள் கையொப்பம் இருந்தது. கட்டத்துக்கு மேலே இருப்பதை அன்றுதான் பார்த்தாள்.

நல்ல எழுத்து. லேசாக நடுங்கியது. ஆனால் சொற்களுக்கு நடுவே அளந்து விட்ட இடைவெளி. வரியின் கடைசியில் எந்தச் சொல்லும் நசுங்கவில்லை. வரி எங்கே முடியும் என்று பிள்ளைக்குத் தெரியாது. முட்டிக்கொண்ட பிறகுதான் தெரியும். அவள் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவினாள். பிள்ளைகள் அழுத்தி எழுதுவார்கள், பின்பக்கம் மேடு தட்டும். பிள்ளைக் கையெழுத்தில் அவளுக்கு வராதது அது ஒன்றுதான். அச்சில் தெரியாது என்பதால் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

இந்தத் தாள் வழவழவென்று இருந்தது.

"இது யாரு எழுதினது?"

"டீச்சர்" என்றாள் மகள். "நிறையப் பேருக்கு டீச்சர்தான் எழுதுவாங்க. நான் கலர் அடிப்பேன்."

அவள் பைக்குள்ளிருந்து புது இதழை எடுத்து ஒரு பக்கத்தை விரித்தாள். மகள் கடகடவென்று ஆரம்பித்தாள். "மழை பெய்யுது. பூனை குடைக்குள்ள உக்காந்திருக்கு. அதுக்குக் குளிருது."

அவள் படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். கீழே எழுத்து மட்டும் இருந்தது.

"இப்ப வாசி."

மகள் எழுத்தைப் பார்த்தாள். அம்மாவின் கையைப் பார்த்தாள்.

"கைய எடும்மா. தெரியல."

அவள் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, 'மரம்' என்று எழுதச் சொன்னாள்.

"நான் எழுதினா அசிங்கமா இருக்கும். நீயே எழுதிடும்மா."

எழுதி முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. பென்சில் இரண்டு முறை முறிந்தது.

மறுநாள் காலை பள்ளியில் அவள் நோட்டை நீட்டியதும் வகுப்பாசிரியை உட்கார ஒரு சிறிய பெஞ்சைக் காட்டினார். முழங்கால் மார்பில் இடித்தது.

"கத்தணும்னா சீக்கிரம் கத்திடுங்க. இப்ப மணி அடிச்சிடும்."

"எதுக்கு டீச்சர் நீங்க எழுதறீங்க?"

"வகுப்புல நாற்பத்தாறு பேரு. பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்ட வரல. நிதானமாச் சொல்லிக் கொடுத்தா வரும். ஆனா நிதானம்னா மேல இருக்கறவங்களுக்குப் புரியாது." ஆசிரியை மேசைமேல் கிடந்த இதழை எடுத்தார். தொட்டுத் தொட்டு அழுக்கேறிய பக்கத்தைத் திருப்பினார். "பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வர்ற அதிகாரி கையில இதுதான் இருக்கும். 'இந்தப் பிள்ளையும் ரெண்டாம் வகுப்புதான். எப்படி எழுதியிருக்கு பாரு. உன் பிள்ளைங்களுக்கு என்ன கேடு?'ன்னு கேப்பார். ஒரு வருஷம் நானும் பிள்ளைங்களைத்தான் திட்டினேன். அப்புறம் எனக்கும் அலுத்துப்போச்சு."

அழகாக நடுங்கிய நான்கு வரிகள். 'எனக்கு உங்கள் இதழ் மிகவும் பிடிக்கும்.' அதை எழுதிய நாள்கூட அவளுக்கு நினைவிருந்தது.

"அது நான் எழுதினது, டீச்சர்."

ஆசிரியைக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் இதழை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"எந்தக் கையால?"

"இடது."

"நானும்" என்றார் ஆசிரியை.

மணி அடித்தது. நாற்பத்தாறு பிள்ளைகள் உள்ளே ஓடி வந்தார்கள். அவள் மகள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கலர் பென்சில் பெட்டியைத் திறந்தாள்.

மாலை இதழாசிரியர் மேசைக்கு வந்தபோது, அவள் இழுப்பறையைக் காலி செய்து கடிதங்களை அடுக்கிவைத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே மகளின் தாள் இருந்தது. முதல் 'ம' நெல்லிக்காய் அளவு, 'ர' கடுகு அளவு, கடைசி 'ம்' தாளின் ஓரத்தில் முட்டிக் கீழே இறங்கியிருந்தது.

"என்னம்மா இது, கோழி கிளறின மாதிரி?"

"என் பொண்ணு எழுதினது சார். பக்கம் முழுக்க இந்த மாதிரிதான் போடணும்."

"ஒரே ஒரு மரம்" என்றார் வடிவமைப்பாளர். "இதை வச்சுக் காடா வளர்க்கிறது?"

அவள் சிரிக்கவில்லை. தாளைத் திருப்பி இதழாசிரியரின் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். மேடு தட்டியிருந்தது. அவர் விரலை இழுத்துக்கொண்டார்.

"பிழையும் கிறுக்கலுமாப் போட்டா எந்தப் பள்ளிக்கூடம் வாங்கும்? மணி நாலு பத்து. எனக்கு அஞ்சு மணிக்குள்ள அஞ்சு கடிதம் வேணும். உக்காந்து எழுது."

அவள் பேனாவின் மூடியைப் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"தப்பா எழுதற பிள்ளையத் திருத்திடலாம் சார். பிள்ளைக்குப் பதிலா எழுதிட்டு, பிள்ளைதான் எழுதுச்சுன்னு ஊருக்குக் காட்டுற நம்மள யாரு சார் திருத்துவா?"