கையெழுத்துக்கு மேலே

எங்கள் நகராட்சியில் ஒரு வழக்கம். கூட்டத்துக்கு வந்ததும் நடவடிக்கைப் புத்தகத்தில் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். மேலே காலியாக இருக்கும். என்ன பேசினோம், என்ன முடிவு என்பதையெல்லாம் எழுத்தர் பிறகு சாவகாசமாக நிரப்பிக்கொள்வார். ‘வருகைக்குத்தாம்மா’ என்றார்கள். நாலு வருடமாகப் போட்டேன். படித்த கவுன்சிலர் என்று வேறு எனக்குப் பெயர்.

திங்கட்கிழமை காலையில் அக்கா வந்தாள். அவள் மகளுக்கு எட்டாம் மாதம்.

“நம்ம வார்டு பிரசவ ஆஸ்பத்திரியை இடிச்சுட்டு கடை கட்டப் போறாங்களாமே? நீயும் கையெழுத்துப் போட்டியாம், நர்ஸம்மா சொல்றாங்க. இவளுக்கு வலி வந்தா பன்னெண்டு கிலோமீட்டர் எப்படிடி கூட்டிட்டு ஓடறது?”

“அப்படி ஒரு பேச்சே வரலைக்கா!”

“உன் பேரு இருக்குதாமே.”

இருந்தது. அலுவலகத்துக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன்: ‘ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்ற வரிக்குக் கீழே, அழகாக. அந்தக் கூட்டத்தில் நாங்கள் பேசியது தெருவிளக்கைப் பற்றி மட்டும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேராக நகராட்சித் தலைவர் அறைக்குள் போனேன்.

“முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கிறீங்களா?”

தலைவர் சிரித்தார். “உட்காரும்மா. சட்டசபைத் தேர்தலுக்கு உன் பேரைத்தான் மேலிடத்துக்கு அனுப்பியிருக்கேன். இந்த நேரத்துல எதுக்கு வம்பு? நாளைக்கு கூட்டத்துல இதைப் படிச்சு உறுதி பண்ணுவாங்க. சும்மா தலையாட்டு, போதும்.”

பொய் சொல்வானேன், ஆசை இருந்தது. பதினைந்து வருடம் போஸ்டர் ஒட்டி, மேடைக்குக் கீழே நின்று கைதட்டி வளர்த்த ஆசை. அதை அழுகிற குழந்தைக்கு மிட்டாய் காட்டுவதுபோல் காட்டுகிறாரே என்றுதான் கோபம் இன்னும் ஏறியது. ஒரே ஒருவர் எதிர்த்தாலும் ஆஸ்பத்திரி நிலத்தைக் கைமாற்ற மாநில அரசு லேசில் அனுமதிக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மறுநாள் கூட்டத்தில் எழுத்தர் கடகடவென்று படித்து முடித்தார்.

“ஆட்சேபணை இல்லையே?” என்றார் தலைவர்.

“இருக்கு. நான் கையெழுத்துப் போட்டப்போ அந்தப் பக்கம் வெறுமையா இருந்துச்சு. நான் எதிர்க்கிறேன்னு இப்பவே எழுதுங்க, என் கண்ணு முன்னாடி.”

“சட்டசபையை மறந்துடு.”

“மறந்தாச்சு. எழுதச் சொல்லுங்க.”

எழுத்தர் தலைவரின் முகத்தை ஒருமுறை பார்த்தார். ஆனாலும் எழுதினார். நான் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு, நடுவில் ஒரு வரிகூட இடம் விடாமல் கையெழுத்துப் போட்டேன்.

தலைவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். “ரொம்ப யோக்கியம் பேசாதம்மா. போன வருஷம் துப்புரவுப் பொம்பளைங்க முப்பது பேரை வேலையை விட்டு நிறுத்தினோமே, அதுலயும் உன் கையெழுத்து இருக்கு.”

அந்தப் பெண்கள் அலுவலக வாசலில் உட்கார்ந்து அழுதபோது நான் அவர்களோடு உட்கார்ந்திருந்தேன். ‘இதுல கையெழுத்துப் போட்ட கை விளங்காமப் போகட்டும்’ என்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். ஆமாம், விளங்காமல்தான் போகட்டும் என்று நானும் சேர்ந்து சொன்னேன்.

“புத்தகத்தை மூடாதீங்க,” என்றேன் எழுத்தரிடம். “மொதல் பக்கத்துலேருந்து படிங்க.”