பூஜ்யம் போடாத கம்பைலர்

எங்கள் அலுவலகத்தில் யாரும் பூஜ்யம் போட மாட்டார்கள். லிஃப்ட்டுக்கு நிரல் எழுதும்போது இயந்திரம் நினைவில் வைக்கும் ஒவ்வொரு எண்ணும் எதில் தொடங்க வேண்டும் என்று எழுதி வைப்பதுதான் ஊர் உலக வழக்கம். கருவடிக்குப்பத்தில் எங்கள் வழக்கமே வேறு. நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரை முதலாளி பலராமன் சார் இளவயதில் தானே செய்திருந்தார். நாம் விட்டுவிட்டால் அதுவே பூஜ்யம் போட்டுக்கொள்ளும். சேர்ந்த புதிதில் நான் மெனக்கெட்டுப் போட்டபோது, "அதான் கம்பைலரு போடுதே தாமரை, உனுக்கு வேற வேல இல்லயா?" என்று ஜோசப் ஆனந்த் கிண்டலடித்தான். நானும் விட்டுவிட்டேன்.

புதிதாக வந்த சிப்புகளுக்குப் பழைய கம்பைலர் சரிப்படவில்லை. நிரல் மொழியின் புதிய விதிமுறைகளுக்கு அதை மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. மாற்றினேன். எல்லாச் சோதனையும் தேறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்று காலை ஜோசப் புதுக் கம்பைலரில் மாற்றிய நிரலை எடுத்துக்கொண்டு பிள்ளைச்சாவடியில் ஒரு ஓட்டலின் லிஃப்ட்டில் ஏற்றக் கிளம்பினான்.

சாப்பிட எழுந்தபோது என் கால் பட்டு, அதே நிரல் ஓடிக்கொண்டிருந்த சோதனைப் பெட்டியின் பிளக் கழன்றது. உடனே செருகினேன். எந்தப் பட்டனையும் அழுத்தாமலே 'மேலே' விளக்கு எரிந்தது.

மறுபடி பிடுங்கிச் செருகினேன். மறுபடியும் எரிந்தது. பலராமன் சாரின் பூஜ்யத்தை நான் புதுக் கம்பைலரில் சேர்க்கவே இல்லை. பெட்டி கொஞ்ச நேரம் அணைந்து கிடந்தால் நினைவகம் காலியாகிவிடும். நாங்கள் சோதித்ததெல்லாம் அப்படித்தான். கரண்ட் போய்ச் சட்டென்று வந்தால் பழைய குப்பை அங்கேயே இருக்கும். அதை உத்தரவு என்று நம்பி லிஃப்ட் கிளம்பிவிடும்.

"பதறாதம்மா, இன்னொரு வாட்டி பாரு" என்றார் ஓடிவந்து பார்த்த பலராமன் சார். கோபத்தோடு போனை எடுத்தேன். ஜோசப்பின் போன் கிடைக்கவில்லை. ஓட்டலுக்கு அடித்தேன். வரவேற்பிலிருந்த செல்போனை ரூபி என்ற பெண் எடுத்தாள்.

"ஜோசப் சாரா? லிஃப்ட்டு கூரை மேல ஏறி நின்னு ஏதோ பாக்குறாரு மேடம்."

"எறங்கச் சொல்லும்மா! இப்பவே!"

"சரிங்க... ஐயோ, கரண்ட் போயிடுச்சு. ஒரு நிமிஷம் மேடம், ஜெனரேட்டர் தானா வந்துடும்."

"வரக்கூடாது! லிஃப்ட்டோட மெயின் சுவிட்சு எங்க?"

"பின்னால, படிக்கட்டுக்குக் கீழ..."

"ஓடு! அத எறக்கு! ஓடும்மா!"

போனைக் கையில் பிடித்தபடியே அவள் ஓடினாள். செருப்புச் சத்தம் கேட்டது. அதன் மேலேயே ஜெனரேட்டரின் உறுமலும் கேட்டது. பலராமன் சார் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ இரும்பு படீரென்று அடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாதாவும் மாரியம்மனும் ஒன்றாக என் வாயில் வந்தார்கள்.

"எறக்கிட்டேன் மேடம்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "மேல கெளம்பின லிஃப்ட்டு நின்னுடுச்சு."

"ஜோசப்?"

"கத்திக் கூப்புடுறேன், இருங்க." படிகளில் ஏறும் சத்தம். அவள் கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். பிறகு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குரல். என்ன சொல்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

"நல்லா இருக்காராம் மேடம்" என்றாள் ரூபி. நான் அழுதுவிட்டேன்.

"அப்ப அசையாம அங்கேயே உக்காந்திருக்கச் சொல்லு. நாங்க வர்றோம்."

அவள் மேலே பார்த்துச் சொன்னாள். பதிலைக் கேட்டுவிட்டுத் தயங்கினாள்.

"படுத்துட்டே இருக்காராம் மேடம். மேல தளம் இடிக்குதாம், உக்கார எடமில்லயாம்."