முதல் போன் யாருடையது

என் கடைப் பலகையில் கடைப் பெயரைவிடப் பெரிதாக எழுதியிருந்தது இதுதான்: ‘ஒரு முறை மாட்டினால் மறுமுறை வர வேண்டாம்.’ கார் ஸ்டீரியோ மாட்டுவதில் எனக்கு அத்தனை திமிர். அதற்கு வேட்டு வைக்கவென்றே ஒரு புருஷனும் பொண்டாட்டியும் வந்து சேர்ந்தார்கள்.

ரேடியோ, பென் டிரைவ், ஆளுக்கொரு போன், எல்லாம் ஒரே செட்டில் பாட வேண்டுமாம். மாட்டிக் கொடுத்தேன். மறுவாரமே வந்தார்கள். வண்டியைக் கிளப்பினால் புருஷன் போன்தான் முதலில் பாடுகிறதாம். தான் என்ன இரண்டாம்பட்சமா என்று அந்தம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஸ்டீரியோவின் புளூடூத் பட்டியலில் அந்தம்மா போனை முதலில் ஏற்றினேன். அடுத்த வாரம் புருஷன் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். குடும்பத்துப் பெரியவர்கள் பார்க்க வேண்டிய பஞ்சாயத்தை நான் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு பார்த்தேன்.

வீட்டில் இதைச் சொன்னது என் தப்பு. அந்த வண்டி இன்னொரு தடவை வந்தால் கடையை மூடிவிட்டுத் தன் அண்ணன் பேட்டரி கடைக்குப் போய்விட வேண்டும் என்றாள் என் மனைவி. நானும் ரோஷத்தில் சரியென்று தலையாட்டித் தொலைத்தேன். மச்சான் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, நான் பேட்டரி தூக்குவதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வியாழக்கிழமை காலை அந்த வண்டி வாசலில் நின்றது.

பட்டியலையே சுத்தமாக அழித்தேன். என் போனை இணைத்து ஒரு பாட்டு ஓட்டினேன். ஆறு ஸ்பீக்கரும் கணீரென்று பாடின. பிறகு அவர்கள் போன் இரண்டையும் சேர்த்துவிட்டு, இனி முதல், இரண்டு என்ற பேச்சே கிடையாது, வேண்டியதைத் தொட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்கள்.

என் போன் அடித்தது. மனைவி. எடுத்துப் பேசினேன், பதில் இல்லை. ஆனால் காருக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது, அதே போலக் கணீரென்று.

“என்னங்க, அந்தச் சண்டைக்கார ஜோடி இன்னைக்கும் வந்துச்சா?”

அப்போதுதான் உறைத்தது. சோதனைக்குச் சேர்த்த என் போனை நான் அழிக்கவில்லை. பட்டியலில் முதல் ஆள் நான். நான் வெளியே நின்று கத்தினால் அவளுக்குக் கேட்காது, உள்ளே இருப்பவர்கள் பேசினால்தான் கேட்கும். போனை கட் பண்ண வேண்டியதுதானே என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். அப்போது எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. கண்ணாடியைத் தட்டி, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினேன்.

அந்தம்மா இளகிய மனசுக்காரர். என்னைக் காப்பாற்றுவதென்று முடிவெடுத்தார்.

“இல்லக்கா, யாரும் வரலை.”

ஸ்பீக்கரில் என் மனைவி குரல் ஏறியது.

“நீ யாரும்மா?”

பொண்டாட்டி மேல் பழி வந்தால் புருஷன் பொறுப்பாரா? “தப்பா நினைக்காதீங்க, நான் இவ புருஷன். பக்கத்துலதான் இருக்கேன், கார்ல.”

“எந்தக் கார்ல?”

மூன்று வாரத்தில் அந்த இருவரும் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம், என் கடையை மூடியதுதான்.

இப்போது மச்சான் கடையில் இருக்கிறேன். மெதுவாகத் தூக்குங்கள் மாப்பிள்ளை என்று நாற்காலியிலிருந்தே சொல்வார். போன வாரம் அதே வண்டி வந்தது. நிறுத்திய வண்டியில் இருவரும் மணிக்கணக்காகச் சேர்ந்து பாட்டுக் கேட்கிறார்களாம், பேட்டரி இறங்கிப் போச்சாம், தள்ளிக் கிளப்பியதால் இன்ஜினை அணைக்காமல் வைத்திருந்தார்கள். அன்று என் கடை மூடிய விதத்தைச் சொல்லிச் சிரித்ததில் சண்டையே மறந்துவிட்டதாம். எனக்கு வயிறு எரிந்தது.

புது பேட்டரியை இரண்டு கையாலும் தூக்கி வந்தேன். பையில் போன் அதிர்ந்தது. என் போனை அந்தப் பட்டியலிலிருந்து இன்னும் யாரும் அழிக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கார்க் கண்ணாடி இறங்கியது.

“அண்ணா, அக்கா லைன்ல இருக்காங்க,” என்றார் அந்தம்மா. “இந்தத் தடவை போனை எடுத்ததோட சரி, நாங்க வாயே திறக்கலை. நீங்களே வந்து பேசுங்க.”