தட்டைப் புரட்டும் நேரம்

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. என் இரண்டு கண் மேல் சத்தியம். கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை. நம்ப மாட்டீர்களே என்று கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

லிஃப்ட் மெக்கானிக் ஒருவர். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவர் தொழில். குடியிருந்த வாடகை வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று, மனைவியோடு மாமனார் வீட்டில் ஒரு வாரம் தங்க வந்தார். வெள்ளையடித்த வீட்டில் வேறு யாரோ குடிவந்து, பிள்ளைகள் பெற்று, அந்தப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டார்கள். இவர் இன்னும் மாமனார் வீட்டில்தான்.

மாமனார் இசைத்தட்டு சேர்ப்பவர். பாட்டு இருந்தால் தொட மாட்டார். "பாட்டை எல்லாரும்தான் சேக்கறான்" என்பார். அவர் சேர்த்ததெல்லாம் சினிமாப் பின்னணி இசை: ஆளைத் துரத்துகிற இசை, மாடிப்படியில் யாரோ ஏறி வருகிற இசை, கதவு தானாகத் திறக்கிற இசை. பல் துலக்கிய கையோடு முதல் தட்டைப் போடுவார். கடைசித் தட்டில் கதாநாயகன் உயிரை விடும்போது இவர் குறட்டை விடுவார். நடுவில் ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது.

ஒரு பக்கம் இருபது நிமிடம் ஓடும். முடிந்ததும் முள்ளைத் தூக்கி, தட்டை விளிம்பில் பிடித்துப் புரட்டி, துணியால் ஒரு துடை துடைத்து, மறுபடி முள்ளை இறக்குவார். அந்த நேரத்தில்தான் அந்த வீடு உயிர் வாழ்ந்தது. குக்கர் அப்போதுதான் விசில் அடிக்கும், அப்படிப் பழக்கியிருந்தார்கள். மாமியார் அடக்கிவைத்த தும்மலையெல்லாம் ஒரே மூச்சில் தும்மித் தீர்ப்பார். தபால்காரர் காத்திருந்து மணி அடிப்பார். எதிர்வீட்டு நாய் இரண்டு குரை குரைத்துவிட்டு, முள் இறங்குமுன் வாயை மூடிக்கொள்ளும்.

இந்த நிலையில் மெக்கானிக்குக்கு வெளியூரில் ஒரு வேலை வந்தது. கம்பெனியே தனி வீடு தருகிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். மாமனாரின் முட்டி ஏறாத ஒரே இடமான மொட்டைமாடிக்கு மனைவியைக் கூட்டிப்போய்ச் சொன்னார்.

"அப்பாகிட்ட நீங்களே சொல்லி, அவர் சரிங்கணும்" என்றாள் மனைவி. "சொல்லாம கொள்ளாம கிளம்பறதா இருந்தா நீங்க மட்டும் கிளம்புங்க."

"எப்படிச் சொல்றது? வாயைத் தொறக்கறதுக்குள்ள முள்ளு எறங்கிடுதே. எழுதிக் குடுத்துடட்டா?"

"காகிதம் சரசரக்கும். அம்மா கரண்டு பில்லைப் பிரிச்சதுக்கே மூணு நாள் அவகூடப் பேசல."

"அவரு எப்பப் பேசினாரு, மூணு நாள் பேசாம இருக்க?"

தட்டு புரளும்போது பேசுவதற்கும் வரிசை உண்டு. முதலில் மாமியார்: "எண்ணெய் தீந்துடுச்சு." கடைசியில்தான் மாப்பிள்ளை. "மாமா, எனக்கு வெளியூர்ல..." என்பதற்குள் முள் இறங்கிவிடும். அடுத்த புரட்டலில், "ஒரு வேலை வந்திருக்கு" என்று மிச்சத்தைச் சொல்வார். அதற்குள் முன்பாதி மாமனாருக்கு மறந்திருக்கும்.

"வேலை வந்தா போய்ப் பாருங்க மாப்ளே. இதெல்லாம் என்கிட்ட கேட்டுக்கிட்டு!" முள் இறங்கிவிடும்.

ஆளைக் குளிர வைத்துவிட்டுக் கேட்கலாம் என்று மெக்கானிக்குக்கு ஒரு யோசனை தோன்றியது. கடைக்குப் போனார். கடைக்காரர், "அதே மியூசிக்தான் சார், சிடியில. நடுவுல புரட்டற வேலையே கிடையாது" என்றார். மெக்கானிக்குக்கு அது நல்ல விஷயமாகவே பட்டது. பிளேயரும் சிடியுமாக வாங்கி வந்து, புரட்டும் நேரத்தில் நீட்டினார்.

மாமனார் முகத்தைச் சுளித்தார். "ரெக்கார்டுல முள்ளு உரசுது பாருங்க, அதுதான் மூச்சு. இதுல அது ஏது? இதைப் பாத்து முகச்சவரம் பண்ணிக்கலாம். சரி, ஆசையா வாங்கிட்டீங்க, ஒரு தடவை போடுவோம்."

போட்டார். முதல் பக்கம் முடிகிற இடத்தில் பழக்கதோஷத்தில் பாதி எழுந்தார். இசை அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மெல்ல உட்கார்ந்தார்.

"அட, முட்டிக்கு நல்லா இருக்கே!"

திரும்பத் திரும்ப ஓடவைக்கும் பொத்தானை அவரே கண்டுபிடித்துக்கொண்டார். அத்தோடு இடைவெளி என்பது ஒழிந்தது. குக்கர் விசிலை விழுங்கி விழுங்கிப் பூசணிக்காயாக உப்பியது. தபால்காரர் வாசலிலேயே சாப்பாட்டைப் பிரித்தார். நாய் வேறு தெருவுக்குக் குடிபோனது.

மொட்டைமாடியில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "பூட்டையும் நீங்களே வாங்கிட்டு வந்து, சாவியைக் கடையிலயே விட்டுட்டு வந்திருக்கீங்க. ஊருல மாட்டினவங்களையெல்லாம் வெளிய எடுக்கறவராம்!"

வெள்ளிக்கிழமை வந்தது. வருவது வரட்டும் என்று, துரத்தல் உச்சத்தில் இருக்கும்போதே மெக்கானிக் மாமனார் எதிரில் போய் நின்றார்.

"மாமா!"

மாமியார் கையில் கரண்டி அந்தரத்தில் நின்றது. மாமனார் கண்ணைத் திறந்தார். கோபமே இல்லை. ரிமோட்டை எடுத்து ஒரு பொத்தானை அழுத்தினார். இசை நின்றது.

"இதை நடுவுல நிறுத்தலாமா?" என்றார் மெக்கானிக்.

"எப்ப வேணா நிறுத்தலாம் மாப்ளே. ரெக்கார்டுன்னா கீறல் விழுமோன்னு பயம். இதுல அது இல்ல. நீங்க யாருமே கேக்கலியே! சொல்லுங்க, நிதானமாச் சொல்லுங்க."

வீட்டில் ஃப்ரிட்ஜ் என்று ஒன்று ஓடிக்கொண்டிருப்பது அன்றுதான் எல்லோருக்கும் கேட்டது.

"மாமா, எனக்கு வெளியூர்ல..."

வாய் தானாக மூடிக்கொண்டது. கண் முள்ளைத் தேடியது. முள் இல்லை. தடுப்பார் யாரும் இல்லை. ஆனாலும் அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. இத்தனை வருஷத்தில் நாக்கு அந்த அளவுக்கே வெட்டித் தைக்கப்பட்டிருந்தது. மனைவி எடுத்துக் கொடுக்கப் பார்த்தாள். அவளும் அந்தக் கூடத்திலேயே வளர்ந்தவள். "அப்பா, இவருக்கு..." என்பதோடு அவளுக்கும் நின்றுவிட்டது.

மாமனார் பொறுமையாகத்தான் காத்திருந்தார்.

"வெளியூர்ல என்ன மாப்ளே, மழையா?"

மெக்கானிக் தலையை ஆட்டினார்.

"பெய்யட்டும், பெய்யட்டும்" என்று மாமனார் பொத்தானை அழுத்தினார். துரத்தல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. வேலையையும் வீட்டையும் கம்பெனி வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டது.

சந்தேகம் இருந்தால் அந்த மெக்கானிக்கிடமே கேட்டுப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன்; ஆனால் அவருக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.