உலகமே அறிந்த ஐந்து முகங்கள்

விரிப்பின் இரண்டு முனைகள் என் கையிலும் இரண்டு முனைகள் கூடவேலை செய்கிற, புள்ளிவிவரம் என்று நாங்கள் கூப்பிடுகிறவன் கையிலும் இருந்தபோதுதான் அவன் அதைச் சொன்னான்.

"உலகம் முழுக்க, உலகம் முழுக்கன்னு சும்மா சொல்லிக்கறாங்கய்யா. அந்தக் காலத்துல நம்ம ஊர்ல அவங்க பாட்டை ஒரு பய கேட்டதில்ல."

அப்போதுதான் இஸ்திரிக் கூடத்து வானொலியில் செய்தி வாசித்திருந்தார்கள். அந்த ராக் குழு இனிமேல் மேடை ஏறாதாம். முப்பது வருஷம் உலகத்தையே ஆட்டிவைத்த ஐந்து பேர் என்று செய்தி வாசித்த பெண் தழுதழுத்தாள். பிறகு அவர்களுடைய பாட்டு ஒன்றையும் போட்டார்கள். ஐந்து பேருக்கும் தோளுக்குக் கீழே முடி தொங்கும் என்பதால் எங்கள் சலவைக்கூடத்தில் அவர்களுக்குச் சடைக்காரர்கள் என்று பெயர். எனக்கு அந்தப் பாட்டு தகரக்கூரையில் கல் விழுகிற மாதிரிதான் கேட்டது. ஆனாலும் புள்ளிவிவரம் சொன்னது சுருக்கென்று தைத்தது. விரிப்பை வெடுக்கென்று இழுத்தேன். அவன் இரண்டடி தடுமாறி என் பக்கம் வந்தான்.

"உனக்குத் தெரியலன்னா யாருக்கும் தெரியாதா? ஊர் ஊரா, தெருத் தெருவா கேட்டாங்க. அவங்க படம் போட்ட சட்டை விக்காத கடை இருந்துச்சா அப்போ?"

"நீ கேட்டியா?"

"நான் கேக்கல. அது என் குறை."

மருத்துவமனை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். உதறி, இழுத்து, முனையோடு முனை சேர்த்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டும். ஒரு விரிப்புக்கு மூன்று முறை நேருக்கு நேர் நிற்போம். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. கட்டிய மனைவியின் முகத்தைக்கூட நான் அத்தனை முறை அத்தனை கிட்டத்தில் பார்த்ததில்லை. புள்ளிவிவரத்துக்கு இடது மீசையில் மூன்று நரைமுடி என்பது அவன் வீட்டுக்காரிக்குத் தெரியுமோ என்னவோ, எனக்குத் தெரியும். எதைச் சொன்னாலும் எத்தனை, எந்த வருஷம், யார் எண்ணினார்கள் என்று கேட்பான். அதனால் வந்த பெயர் அது. அப்படிப்பட்டவனிடம் வாயைக் கொடுத்தால் விரிப்பு தீர்ந்தாலும் பேச்சு தீராது என்று தெரிந்தும் கொடுத்தேன். கொடுக்க வேண்டியிருந்தது.

காரணத்தை அவனிடம் சொல்ல முடியாது. என் மனைவியிடம் சடைக்காரர்களின் டி-ஷர்ட் ஒன்று இருக்கிறது. கல்யாணமாகி வரும்போதே அவள் பெட்டியில் இருந்தது, இப்போது பதினாலு வருஷம். ஆண்கள் அளவு, பெரியது. மருந்துக்கடையில் வேலை முடிந்து வந்ததும் அதற்குள் புகுந்துகொள்வாள். மார்பில் ஐந்து முகங்கள் இருந்தன, இப்போது ஐந்து கறைகள். சலவைக்காரன் பெண்டாட்டி, அச்சடித்த துணியை உள்பக்கம் வெளியே திருப்பித்தான் வெயிலில் போட வேண்டும் என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன். கேட்கவே மாட்டாள். படம் வெயிலைப் பார்க்கிற மாதிரியே போடுவாள். நானும் விட்டுவிட்டேன். நாள் முழுக்க ஊரார் துணியோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவன், வீட்டுத் துணியைத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்தவன். கொடியில் என்ன தொங்கினால் எனக்கென்ன?

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அவள் சங்கிலியின் கொக்கி அந்தச் சட்டையின் கழுத்துப்பட்டையில் சிக்கிக்கொண்டது. "என்னங்க, இதைக் கொஞ்சம் எடுத்து விடுங்களேன்" என்று தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றாள். மங்கின விளக்கு. பட்டையை விரலால் புரட்டினேன். உள்ளே ஒரு சலவைக்குறி. நூலில் தைத்த இரண்டு பெருக்கல் குறி, பக்கத்தில் ஒரு சாய்கோடு.

வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் அது ஏதோ தையல் என்று விட்டிருப்பான். என் பிழைப்பே அதுதான். வீட்டுத் துணிக்குச் சீட்டைக் குத்தி அனுப்பினால் போதும். ஒரே அறையில் நாலு பேர் தங்கும் ஆண்கள் விடுதித் துணிக்குத்தான், கலந்துவிடக் கூடாதென்று சிவப்பு நூலில் குறி தைப்பார்கள். ஒரு ஆளுக்கு ஒரு குறி. அவன் அங்கே இருக்கும்வரை சட்டையிலிருந்து கைக்குட்டைவரை அதே குறிதான். அவளோ விடுதியில் தங்கினவள் இல்லை, அண்ணன் தம்பி உள்ளவளும் இல்லை. ஆக, எங்கேயோ ஒரு விடுதியில், ஏதோ ஒரு அறையில், இரண்டு பெருக்கல் ஒரு சாய்கோடாக ஒருவன் இருந்திருக்கிறான். அவன் சட்டையைத்தான் என் மனைவி பதினாலு வருஷமாக என் வீட்டில் போட்டுக்கொண்டிருக்கிறாள். கொக்கியை எடுத்துவிட்டேன். "என்ன, கை இப்படிச் சில்லுன்னு இருக்கு?" என்றாள். தண்ணீரில் நின்றேன் என்றேன்.

கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்தேன். அதற்குப் பதிலாக நானே ஒரு பதிலைத் தேடிக்கொண்டேன். சடைக்காரர்கள் உண்மையிலேயே உலகம் முழுக்கக் கொடிகட்டிப் பறந்திருந்தால், அவர்கள் சட்டை மூலைக்கு மூலை குவிந்து கிடந்திருக்கும். பழந்துணிக் கடையில் கை போட்டால் பத்து வந்திருக்கும். அவளும் அப்படி ஒன்றை எடுத்திருப்பாள், முன்னால் யார் போட்டதோ யார் கண்டது! ஆனால் புள்ளிவிவரம் சொல்வதுபோல இங்கே யாருமே கேட்காத குழுவாக இருந்தால்? அப்போது அந்தச் சட்டை அபூர்வம். அபூர்வமான ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி, உடம்பில் போட்டு, பிறகு கழற்றி ஒருத்திக்குக் கொடுத்தவன் சாதாரணமாகக் கொடுத்திருக்க மாட்டான். இந்தக் கணக்கு என் தலையில் ஏறிய நாளிலிருந்து, ஒரு பாட்டைக்கூட முழுதாகக் கேட்டிராத நான் சடைக்காரர்களின் தலைமைத் தொண்டனாகிவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க எங்களுக்கு அதே பேச்சு. நான் கைபேசியில் படித்து நெட்டுருப் போட்டுக்கொண்டு போவேன். இத்தனை நாட்டில் கச்சேரி, இத்தனை லட்சம் இசைத்தட்டு. விரிப்பை மடித்துக்கொண்டு முகத்துக்கு நேரே வரும்போது ஒன்றொன்றாக எடுத்து விடுவேன். அவன் அசைய மாட்டான்.

"வித்தது எங்கே? பணக்கார நாடு பத்துல. மிச்ச நாட்டுல ஊருக்கு ஒரு பணக்காரப் புள்ள வாங்கியிருக்கும். அதையும் சேத்து உலகம்னு எழுதிட்டான். வரைபடத்துல புள்ளி வச்சா போதுமாய்யா? பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"முடிவெட்டற கடையில அவங்க படம் மாட்டியிருந்துச்சே, அது?"

"முடியப் பாத்து மாட்டினான். பாட்டக் கேட்டா மாட்டினான்?"

கூடமே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. இஸ்திரிக்காரர்கள் அவன் பக்கம், லாரி ஓட்டுகிறவர் என் பக்கம். விடுதித் துணிகளுக்குக் குறி தைக்கும் ஊசி அக்கா மட்டும், "ஆம்பளைங்களுக்கு அடிச்சுக்க ஏதாவது வேணும்" என்று மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தைத்துக்கொண்டிருப்பார். வெள்ளிக்கிழமை நான் குரலை உயர்த்திவிட்டேன். நீ ஒரு பொறாமை பிடிச்சவன்யா, அடுத்தவன் பேர் வாங்கினா உனக்குப் பொறுக்காது என்று கத்தினேன். பொறாமை என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததும் எனக்கே காது சுட்டது.

புள்ளிவிவரம் கோபப்படவில்லை. யோசித்தான். "சரி, எண்ணிடுவோம்" என்றான். எங்கள் கூடத்தில் யாரும் கேட்டு வராத துணிகளுக்கென்று ஒரு அறை உண்டு. முப்பது வருஷத்துத் துணி. ஊரில் யார் என்ன உடுத்தினார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. "அதுல சடைக்காரங்க சட்டை ஒண்ணு இருந்தாக்கூடப் போதும். நான் தோத்தேன்னு எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

சாப்பாட்டு நேரத்தில் ஆறு பேர் அந்த அறைக்குள் புகுந்தோம். அடுக்கடுக்காக இறக்கினோம். கல்யாணக் கோட்டு இருந்தது, பள்ளிச் சீருடை இருந்தது, யாரோ ஒரு கால்பந்துக்காரனின் எண் போட்ட சட்டை மட்டும் பதினொன்று இருந்தது. சடைக்காரர்கள் இல்லை. கடைசி அடுக்கும் தீர்ந்தது. மற்றவர்களுக்கு விளையாட்டு. நானோ அந்தக் காலி அலமாரியில் இரண்டு பெருக்கலையும் ஒரு சாய்கோட்டையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் குறிக்காரன் என் கற்பனையில் நல்ல உயரமாக வேறு இருந்தான்.

என்னைக் காப்பாற்றியது இஸ்திரி மேசை. மெத்தென்று இருப்பதற்காக மேசைமேல் பழைய துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மேலே வெள்ளைத்துணி கட்டியிருப்பார்கள். திடீரென்று அது நினைவுக்கு வந்து ஓடினேன். கட்டை அவிழ்த்தேன். போர்வை, திரைச்சீலை, சாக்கு. நாலாவது அடுக்கில், சூட்டில் பழுப்பேறி, ஐந்து பேரும் மல்லாந்து கிடந்தார்கள். இத்தனை வருஷமும் அவர்கள் முகத்தின்மேல்தான் ஊர்ச்சட்டையெல்லாம் தேய்த்திருக்கிறோம்.

"ஒத்துக்கறேன்யா" என்றான் புள்ளிவிவரம். மனிதன் நாணயமானவன். "மேசைக்கு விரிக்கற அளவுக்கு மலிஞ்சு கெடந்திருக்கு. உலகம் முழுக்கத்தான்."

எல்லாரும் கைதட்டினார்கள். ஊசி அக்கா வந்து கழுத்துப்பட்டையைப் புரட்டிப் பார்த்தார். "இதுவும் விடுதிச் சட்டைதான். யாரோடதுன்னு தெரியல, நூல் வெள்ளையா வெளுத்துக் கெடக்கு. நாப்பது சலவைதான் நம்ம நூலுக்கு ஆயுசு. அதுக்குத்தானே வருஷாவருஷம் அத்தனையும் மறுபடி தைச்சுச் சாகறேன்" என்றார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. லாரிக்காரர் என்னைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை பொறுத்துக்கொண்டேன். மனைவி காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தாள். கொல்லைக் கதவில் நின்றபடி, பெரிய மனதோடு, போகிற போக்கில் சொல்வதுபோல ஆரம்பித்தேன்.

"உன் சட்டையில இருக்கானுங்களே, சடைக்காரங்க. இனிமே பாடப் போறதில்லையாம்."

"யாரு?" என்றாள்.

"அந்த அஞ்சு பேர்தான். உலகமே கொண்டாடின ஆளுங்க."

கத்தியை வைத்துவிட்டுத் தன் மார்பையே குனிந்து பார்த்தாள், யாரோ புதிதாக வந்து உட்கார்ந்திருப்பதுபோல. "இவங்க பாடறவங்களா? நான் ஏதோ படத்துல நடிச்சவங்கன்னு நெனச்சேன்."

"ஒரு பாட்டுகூடக் கேட்டதில்ல?"

"எனக்கெதுக்குங்க அதெல்லாம்? துணி கனமா, நல்லா இருக்கும். அவ்வளவுதான்."

எனக்கு இறக்கை முளைத்துவிட்டது. பாட்டுத் தெரியாது, ஆள் தெரியாது! கனமான துணி, அவ்வளவுதான்! ஒருவன் உருகி உருகிக் கொடுத்திருந்தால் ஒரு பாட்டையாவது பாடிக் காட்டாமலா இருந்திருப்பான்? அவள் கன்னத்தைக் கிள்ளினேன். "என்ன, இன்னைக்கு ஒரு மாதிரியா இருக்கீங்க?" என்று சிரித்தாள். சபதத்தையெல்லாம் காற்றில் விட்டு, இன்றைக்கு வீட்டுத் துணியை நானே துவைக்கிறேன் என்றேன். அவள் நம்பாமல் பார்த்தாள். பிறகு சேலைக்கு மாறிக்கொண்டு அந்தச் சட்டையையும் மற்றத் துணிகளோடு கொண்டுவந்து போட்டாள்.

கொல்லையில் உட்கார்ந்து துவைத்தேன். சீட்டியடித்துக்கொண்டு துவைத்தேன். சடைக்காரர்களின் பாட்டைத்தான் அடித்தேன், அதுவும் நன்றாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கடைசியாக அந்தச் சட்டையைப் பிழிந்து உதறினேன். தொழில் வழக்கத்தில் கை தானாகவே உள்பக்கத்தை வெளியே திருப்பிவிட்டது. பளீரென்று வெயில்.

இரண்டு பெருக்கல். ஒரு சாய்கோடு. நல்ல சிவப்பு.

நாற்பது சலவைதான் ஆயுசு என்ற ஊசி அக்காவின் குரல் இப்போது கேட்டது. பதினாலு வருஷத்தில் எத்தனை நாற்பது? விரலால் தடவிப் பார்த்தேன். புது நூலுக்கு அடியில் ரோஜா நிறத்தில் பழைய நூல், அதற்கும் அடியில் வெளுத்த நூல், மேடு தட்டியிருந்தது. அதே துளைகளில், ஒரு இழை பிசகாமல். சமையலறையில் நாட்காட்டியின் ஓரத்தில் எப்போதும் ஒரு ஊசி செருகியிருக்கும், கோர்த்த சிவப்பு நூலோடு. தேதி கிழிக்கும்போது எத்தனையோ முறை என் விரலில் குத்தியிருக்கிறது. எங்கள் வீட்டில் சிவப்புத் துணியே கிடையாது என்பது எனக்கு இப்போதுதான் தோன்றியது. உலகமே அறிந்த ஐந்து முகங்களைப் பதினாலு வருஷமாக வெயிலில் காய விட்டிருக்கிறாள். உள்பக்கத்தை நிழலில் வைத்திருக்கிறாள்.

துணிக்கவ்விகளைப் பல்லில் கடித்துக்கொண்டு கொடியின் முன்னால் நின்றேன். இப்படியே மாட்டினால் நாலு மணிக்கு எடுப்பதற்குள் வெயில் நூலைக் கொஞ்சம் தின்னும். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். வெயில்மேல் யார் குற்றம் சொல்ல முடியும்? உலகத்தில் எந்தச் சலவைக்காரனும் இப்படித்தான் மாட்டுவான். ஆனால் வெளுத்தால் அவள் மறுபடி தைப்பாள்.

"இன்னுமா காயப் போடறீங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "அந்தச் சட்டைய மட்டும் எங்கிட்டக் குடுங்க, நான் காயப் போட்டுக்கறேன்."

பதில் சொல்ல வாயைத் திறந்தால் கவ்விகள் விழுந்துவிடும். சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன், விரிப்பு மடிக்கும்போது நிற்பதுபோல. எதிரே மற்ற இரண்டு முனைகளையும் பிடிக்க யாரும் இல்லை. தண்ணீர் என் கால்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரத்தில் சிவப்பு இன்னும் அடர்ந்து தெரிந்தது.